தவில் முழக்கத்தில் ஒரு சலங்கை

சிதம்பரத்தில் ஆனித் தேரன்று கீழ வீதியில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப் போகும் விஷயம் எளிதில் விளங்கும். தேர் நிலையை விட்டுப் புறப்பட்டுவிட்டது. தவில் முழக்கம் காதைத் துளைக்கிறது. நாதஸ்வரம் உச்ச ஸ்தாயியில் நிற்கிறது. வடம் பிடிப்போரின் கோஷமும், ஊதல் விற்பவனின் ஊதலும், காணாமற்போன பிள்ளையின் பெயரைக் கூவும் ஒலிபெருக்கியும் சேர்ந்து ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவே, எதிர்ச் சாரியில் ஒரு குழந்தை காலில் சலங்கையோடு நடந்து போகிறது. தேர் மறைப்பதால் குழந்தையைக் கண்ணால் காண இயலாது. சலங்கை ஒலியைக் கொண்டுதான் அங்கே குழந்தை உண்டா, இல்லையா என்று சொல்லவேண்டும். முடியுமா?

வேறு சூரியர்களைச் சுற்றும் கிரகங்களைத் தேடுகிற வானநூலாரின் கஷ்டம் ஏறக்குறைய இதுதான். அந்தக் கஷ்டத்தில் எனக்கும் ஒரு சிறு பங்கு கிடைத்தது. 2018 நவம்பரில், கடலூரில் என்னிடம் படித்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, "பர்னார்டு நக்ஷத்திரத்துக்கு ஒரு கிரகம் அகப்பட்டிருக்கிறது; நமக்கு ஆறே ஒளி வருஷ தூரம்; அதன் ஒரு வருஷம் நமக்கு 233 நாள்" என்று கரும்பலகையில் எழுதி, படமும் போட்டுக் காட்டினேன். 2021-ல் வேறு விஞ்ஞானிகள் பழைய அளவுகளோடு புதியனவும் சேர்த்துப் பரிசோதித்து, அது கிரகமல்ல, நக்ஷத்திரத்தின் சொந்தச் சேஷ்டையாகவே இருக்கவேண்டும் என்று காட்டிவிட்டார்கள். பிள்ளைகள் அதற்குள் பதினோராம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். சொன்ன தப்பைத் திருத்தவேண்டியது உபாத்தியாயரின் கடமையல்லவா? போய்ச் சொன்னேன். "ஸார், அப்படியானால் நீங்கள் எழுதிப் போட்டதில் இன்னும் எத்தனை அழியும்?" என்று ஒரு பெண் கேட்டாள். மணி அடித்துவிட்டது. அன்று நான் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

இவ்வகைத் தப்பில் நம் சென்னப்பட்டணத்துக்கு ஒரு முதன்மை உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் வான ஆராய்ச்சிச் சாலையில், 1855-ல் காப்டன் ஜேக்கப் என்பவர் தலைவராயிருந்தார். ஒபியூக்கஸ் என்னும், பாம்பைக் கையில் பிடித்த உருவமுள்ள மண்டலத்தில் எழுபதாம் எண் நக்ஷத்திரம் ஒன்று உண்டு. அது உண்மையில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நக்ஷத்திரங்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 88 வருஷம். கணக்கிட்ட பாதையும் அளந்த பாதையும் ஒத்துவரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் இழுக்கிறது என்று கொள்வதே பெரிதும் பொருந்தும் என்று ஜேக்கப் லண்டனுக்கு எழுதினார். வேற்றுச் சூரியனுக்கு அளவுகளின் பேரில் கிரகம் கூறிய முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று. ஆனால் அங்கே இழுத்தது கிரகமல்ல, அளவிலிருந்த பிழைதான். 1899-ல் அமெரிக்காவில் மோல்ட்டன் என்பவர், அதே நக்ஷத்திரத்துக்கு அதற்குள் வேறொருவர் கற்பித்திருந்த மறைவான துணை அங்கே நிலைத்து நிற்க முடியாது என்று கணக்கிட்டுக் காட்டினார். இன்றுவரை அந்த இரட்டைக்குக் கிரகம் எதுவும் உறுதிப்படவில்லை.

இப்போது கருவிகள் தேர்ந்துவிட்டன. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயிலின் ஊதலைக் கவனித்திருப்பீர்கள். நெருங்கும்போது சுருதி ஏறியும், கடந்தபின் இறங்கியும் கேட்கும். ஒளிக்கும் அதே கதிதான். நக்ஷத்திரத்தின் ஒளியை வானவில்போல் விரித்தால், அதில் ஆயிரக்கணக்கான கருங்கோடுகள் தெரியும். நக்ஷத்திரம் நம்மை நோக்கி வந்தால் கோடுகள் நீலப் பக்கமும், விலகினால் சிவப்புப் பக்கமும் நகரும். கிரகம் சுற்றும்போது நக்ஷத்திரமும் சிறிது முன்னும் பின்னுமாக அசைகிறது, கோடுகளும் அசைகின்றன. 1995-ல் மேயர், கெலோ என்ற இரு ஸ்விட்ஸர்லாந்து விஞ்ஞானிகள், நம் பூரட்டாதிக்கு அருகேயுள்ள ஒரு நக்ஷத்திரம் விநாடிக்கு 56 மீட்டர் வேகத்தில் ஆடுவதை இவ்விதமே கண்டு, அதற்கு ஒரு கிரகம் உண்டென்று நிலைநாட்டினார்கள். 2019-ல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

அது பெரிய கிரகம், பக்கத்திலேயே சுற்றுவது. பூமியைப்போன்ற கிரகம் வேண்டுமானால் கதை வேறு. நம் வியாழன் சூரியனை விநாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர் வேகத்தில் அசைக்கிறது. பூமி அசைப்பதோ 9 சென்டிமீட்டர். தவழ்கிற குழந்தைகூட இதைவிட வேகமாய்ப் போகும்! பல ஒளி வருஷங்களுக்கு அப்பாலிருந்து இதை அளக்கவேண்டும்.

இங்கேதான் தவில் குறுக்கிடுகிறது. சூரியனைப்போன்ற நக்ஷத்திரம் வழவழப்பான விளக்கு அல்ல, கொதிக்கிற உலை. சூட்டில் பிரகாசமான வாயு மேலே பொங்கி, ஆறி, மங்கிக் கீழே அமிழ்கிறது. பொங்குவது நம்மை நோக்கி வருவது. அதுவே அதிகப் பிரகாசமும் உடையது. ஆகையால், மொத்தத்தில் சூரிய ஒளி நம்மை நோக்கி விநாடிக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில் வருவதுபோல் ஒரு மயக்கம் எப்பொழுதும் உண்டு. காந்த சக்தி மிகுந்த இடங்களில் இந்தக் கொதிப்பு அடங்குவதால் மயக்கமும் குறைகிறது. போதாக்குறைக்குச் சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது: ஒரு விளிம்பு நம்மை நோக்கி விநாடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் வர, மறு விளிம்பு அதே வேகத்தில் விலகுகிறது. இரண்டும் சமமாயிருக்கும்வரை தொல்லையில்லை. வரும் பக்கத்தில் ஒரு கருங்களங்கம் தோன்றி அங்குள்ள ஒளியைக் குறைத்தால், சூரியன் முழுவதுமே விலகுவதுபோல் கணக்கில் விழும். களங்கம் மறு பக்கம் போனதும் நெருங்குவதுபோல் விழும். இருபத்தேழு நாளுக்கு ஒரு முறை இந்தக் கூத்து திரும்ப வரும். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? 27 நாளில் சுற்றும் கிரகம் ஒன்று இருப்பதாகத்தான் நினைப்பான். அந்தப் பொய் ஆட்டம் விநாடிக்கு ஒரு மீட்டர், சில வருஷங்களில் அதற்கு மேலும். பூமியின் 9 சென்டிமீட்டர் அதில் எங்கே?

சூரியனின் இந்தச் சேஷ்டைகளை அறிவதில் கோடைக்கானலுக்கு நிகராகச் சொல்லக்கூடிய இடங்கள் சிலவே. 1909-ல் அங்கே எவர்ஷெட் என்பவர், களங்கத்தின் ஓரத்தில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கோடுகளின் நகர்ச்சியைக் கொண்டே கண்டுபிடித்தார். இன்று கிரகம் தேடுகிறவர்கள் கையாளும் வித்தை அதுவேதான். 1904 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல், மேகம் விட்ட நாளெல்லாம் கால்ஸியம் வாயுவின் ஊதா ஒளியில் சூரியனைப் படமெடுத்து வந்தார்கள். காந்த சக்தி மிகுந்த இடங்கள் அந்த ஒளியில் பளிச்சென்று தெரியும். நாள்தோறும் ஒரே சூரியனைப் படமெடுப்பது போல் அலுப்பான உத்தியோகம் வேறு உண்டோ என்று தோன்றும். ஆனால் ஒரு நக்ஷத்திரத்தின் சுபாவத்தை நூறு வருஷ காலத்துக்குச் சொல்லக்கூடிய அந்தக் கண்ணாடித் தகடுகளை இப்போது கணினியில் ஏற்றி உலகமெங்கும் ஆராய்கிறார்கள். பின்னால் கோடைக்கானலுக்குத் தலைவராகி, ஜவ்வாது மலையில் காவலூர் நிலையத்தையும் ஏற்படுத்திய வைணு பாப்பு, 1957-ல் ஓலின் வில்ஸனோடு சேர்ந்து, மற்ற நக்ஷத்திரங்களிலும் இதே கால்ஸியம் ஒளியை அளந்து, அதன் அகலத்துக்கும் நக்ஷத்திரத்தின் உண்மையான பிரகாசத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். வில்ஸன் 1966 முதல் அந்த ஒளியை வருஷக்கணக்காகத் தொடர்ந்து அளந்தார். நக்ஷத்திரம் எப்போது சாந்தமாயிருக்கிறது, எப்போது கோபமாயிருக்கிறது என்று அறிய வானநூலார் பிடித்துப் பார்க்கும் நாடி இன்றைக்கும் அதுதான்.

ஆகவே வைத்தியம் யாது? நக்ஷத்திரத்தின் வாயை அடைக்க முடியாது. அதன் தாளத்தைக் கற்றுக்கொள்ளலாம். ஆதி தாளம் தெரிந்தவனுக்குத் தவில் எந்த இடத்தில் விழும் என்று முன்கூட்டியே தெரியும். அதைக் காதிலிருந்து தள்ளிவிட்டு மிச்சத்தைக் கேட்பான். சூரியனின் மேற்பரப்பு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஏறி இறங்குகிறதா? பத்துப் பதினைந்து நிமிஷம் ஒரே மூச்சாகப் பார்த்தால் அது சமனாகிவிடும். கொதிப்பின் தொல்லையா? ஒரே இரவில் சில முறை பார். களங்கமா? கிரகத்தின் இழுப்பு எல்லா வர்ணங்களையும் ஒரே அளவாக நகர்த்தும். களங்கத்தின் ஏமாற்று நீலத்தில் அதிகமாகவும், அகச்சிவப்பில் குறைவாகவும் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். எனக்கு மிகவும் பிடித்த உபாயம், கானரித் தீவுகளில் 2015 முதல் செய்து வருவது. அங்கே ஒரு சிறு தொலைநோக்கி பகலெல்லாம் நம் சூரியனையே தொலைவிலுள்ள நக்ஷத்திரம்போல் ஒரே ஒளிப் புள்ளியாக்கி அளக்கிறது. நம் கிரகங்களின் இழுப்பு முழுவதும் நமக்குத் தெரியுமாதலால், அதைக் கழித்தால் மிஞ்சுவது சூரியனின் சொந்தச் சேஷ்டை. விடை புத்தகத்தின் பின்னால் இருக்கிற கணக்கைப் போட்டுப் பழகிய பின்பு தெரியாத கணக்குக்குப் போவது! நாங்கள் வகுப்பில் செய்வதும் இதுவே.

ஆனால் கழித்தலிலும் ஆபத்து உண்டு. 2012-ல் நமக்கு அண்டையிலுள்ள ஆல்பா ஸென்டாரி நக்ஷத்திரங்களில் ஒன்றுக்குக் கிரகம் கிடைத்ததென்று பெரிய ஆரவாரம். ஆட்டம் விநாடிக்கு அரை மீட்டர், சுற்று 3.24 நாள். நக்ஷத்திரத்தின் சேஷ்டைகளை மிகக் கவனமாகக் கழித்துவிட்டுத்தான் அறிவித்தார்கள். 2015-ல் ஆக்ஸ்போர்டுக்காரர்கள் மறுபடி ஆராய்ந்தபோது, பகலிலும் மேகத்திலும் பார்க்க முடியாமற்போன இடைவெளிகளும், கழித்த முறையும் சேர்ந்து தாமே உண்டாக்கிய தாளம் அது என்று தெரிந்தது. தவிலை நிறுத்திய காதில் ரீங்காரம் கேட்டதுபோல!

பர்னார்டு நக்ஷத்திரத்தின் கதையும் அத்துடன் நிற்கவில்லை. 1963-லேயே வான் டி காம்ப் என்பவர் அதற்கு ஒரு கிரகம் கூறியிருந்தார். தொலைநோக்கியின் லென்ஸைக் கழற்றித் துடைத்துப் பொருத்தியதே அந்த ஆட்டத்தில் பெரும் பங்கு என்று 1973-ல் தெரிந்தது. 2018-ல் கூறியது, முன்பே சொன்னபடி, 2021-ல் போயிற்று. 2024-ல் சிலி தேசத்திலுள்ள பெரிய தொலைநோக்கியைக் கொண்டு பார்த்தவர்கள், அந்த நக்ஷத்திரம் 3.15 நாளுக்கு ஒரு முறை விநாடிக்கு அரை மீட்டர்போல் ஆடுவதைக் கண்டார்கள். 2025-ல் ஹவாயிலிருந்து வேறொரு கருவியால் பார்த்தவர்களும் அதையே கண்டு, நான்கு சிறு கிரகங்கள் என்று தெரிவித்தார்கள். இரண்டு கருவிகள், இரண்டு கூட்டத்தார், ஒரே சலங்கை. கிரகத்தைக் கண்டவரின் பெயரைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடுகின்றன. இல்லாத கிரகத்தை நீக்கியவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், 2021-ல் அழித்தவர்கள் இல்லாவிட்டால் 2025-ல் எழுதியதை நான் நம்பியிருக்க மாட்டேன்.

இம்முறை கரும்பலகையில் எழுதியபோது, பக்கத்தில் கண்ட வருஷத்தையும் கருவியையும் சேர்த்து எழுதினேன். படம் போடவில்லை.

பர்னார்டு நக்ஷத்திரம் வெறுங் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காப்டன் ஜேக்கப் ஏமாந்த நக்ஷத்திரம் அதற்கு மூன்றே பாகை தள்ளி இருக்கிறது, அது தெரியும். ஆனி மாதத்தில் நடுநிசிக்கு, சிதம்பரத்திலிருந்து பார்த்தால், உச்சிக்குச் சற்றுத் தெற்கே. தென்புறம் சிவந்த கேட்டை. வடபுறம் வெண்மையான அபிஜித். இரண்டுக்கும் நடுவிலிருந்து, நீட்டிய கையின் ஒரு முஷ்டி அளவு கிழக்கே மங்கலாக ஒரு புள்ளி. தேர் வீதியின் விளக்கு வெளிச்சத்தில் அகப்படாது. ஊருக்கு வெளியே, வயல் பக்கமாகப் போய்ப் பாருங்கள்.