வண்டி ரொம்பக் குடிக்குதா? முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்!

நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தைக்கு வந்துபோகும் வண்டிகளில் எல்லா வயசும் உண்டு. நேற்று ஷோரூமிலிருந்து இறங்கிய ஸ்கூட்டரும் வரும். அப்பா காலத்து புல்லட்டும், சோக் இழுத்துக் கிளப்பும் மாருதி 800-ம் வரும். பழைய வண்டி வைத்திருப்பவர்களின் புலம்பல் மட்டும் எப்போதும் ஒன்றுதான்: "வண்டி ரொம்பக் குடிக்கு அண்ணாச்சி!"

இந்தக் குடிக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் 'ரிச்'. பெயர்தான் ரிச், காலியாவது நம் பாக்கெட்!

ரிச் என்றால் என்ன?

அரிக்கேன் விளக்கில் திரியை அதிகம் ஏற்றினால் வெளிச்சமா கூடும்? கண்ணாடியில் கரிதான் படியும். எண்ணெய் அதிகம், காற்று போதவில்லை என்று அர்த்தம். கோயில் நகைக்குப் பேர்போன வடசேரியில் பற்றவைப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊதுகுழலில் காற்று கூடினால் சுடர் நீலமாகும். குறைந்தால் மஞ்சளாகிக் கரி பிடிக்கும்.

இன்ஜினுக்குள்ளும் இதே கதைதான். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தாலோ பெட்ரோல் கூடினாலோ வண்டி ரிச்சாக ஓடும்.

எவ்வளவு நஷ்டம்?

ஒரு பழைய கார் லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்தது, இப்போது 11 தான் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 30 கி.மீ., மாதம் 25 நாள் ஓடினால் கூடுதலாகச் செலவாவது சுமார் 21 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 2,100 ரூபாய் புகையாகப் போகிறது.

பணத்தோடு முடிவதில்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். பிஸ்டன் ரிங் சீக்கிரம் தேயும். புகைப் பரிசோதனையிலும் மாட்டிக்கொள்வீர்கள். 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வாகனங்களுக்குப் புகையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி. பிஎஸ்2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு 3 சதவீதம். ரிச்சாக ஓடும் வண்டி இந்தக் கோட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

பிளக் பேசும்

வண்டியை ஒரு பத்து கி.மீ. ஓட்டி, இன்ஜின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள்.

* காபித்தூள் நிறம்: கலவை சரி.
* காய்ந்த கறுப்புக் கரி: ரிச்.
* ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்குடன் கறுப்பு: ஆயில் மேலே ஏறுகிறது. ரிங் அல்லது வால்வு சீல் கோளாறு. கார்பரேட்டரைத் திட்ட வேண்டாம்.
* வெள்ளை: காற்று அதிகம். ரிச்சுக்கு நேர் எதிர்.

புகையையும் பாருங்கள். கறுப்பு என்றால் பெட்ரோல், நீலம் என்றால் ஆயில். ஒரு எச்சரிக்கை: பாயிண்ட் தேய்ந்து, காயில் பலவீனமாகி, தீப்பொறி மந்தமானாலும் பிளக் கறுக்கும். அதனால் கார்பரேட்டரில் கைவைக்கும் முன் புது பிளக் போட்டு, தீப்பொறி பளிச்சென்று விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

செலவில்லாத மூன்று சோதனை

முதலில் ஏர் ஃபில்டர். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓடும் வண்டிக்குக் காற்றோடு தூசியும் சேர்த்துக் கிடைக்கும். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஈரமும் சேரும். அடைத்த ஃபில்டர் மூக்கைப் பொத்தியதுபோல. திறந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, ஃபில்டரைக் கழற்றி ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். புகை குறைந்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று.

இரண்டாவது சோக். பழைய மாருதி 800-ல் சோக் குமிழை உள்ளே தள்ளிவிட்டாலும் கேபிள் துருப்பிடித்து, கார்பரேட்டர் வாயிலுள்ள தகடு பாதி மூடியே நிற்கலாம். ஃபில்டரைக் கழற்றியிருக்கும்போதே எட்டிப் பாருங்கள். தகடு செங்குத்தாக, முழுதாகத் திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஃப்ளோட். வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மிதவை ஏறிக் குழாயை அடைக்குமே, அதே ஏற்பாடுதான் கார்பரேட்டருக்குள்ளும். மிதவை ஓட்டையானாலோ, நீடில் தேய்ந்தாலோ பெட்ரோல் மட்டம் ஏறிவிடும். பெட்ரோல் டேப் உள்ள பைக்குகளில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வண்டி ஸ்லோவில் ஓடும்போது டேப்பை மூடுங்கள். பெட்ரோல் தீர்ந்து அணைவதற்கு முன் சிறிது நேரம் இன்ஜின் வழக்கத்தைவிட நன்றாக ஓடினால், இதுவரை மட்டம் கூடுதலாக இருந்தது என்று அர்த்தம்.

எப்போது புகைகிறது?

இந்த மூன்றும் சரியாக இருந்தும் பிளக் கறுக்கிறதா? எந்த நேரத்தில் தொல்லை என்று கவனியுங்கள்.

ஸ்லோவில் மட்டும் என்றால் ஏர் ஸ்க்ரூ, பைலட் ஜெட் பக்கம் பாருங்கள். பழைய புல்லட்டில் உள்ள மிக்கார்ப் போன்ற கார்பரேட்டரில் ஏர் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் காற்று கூடும். வேறு சில கார்பரேட்டர்களில் அந்த ஸ்க்ரூ பெட்ரோலைக் கட்டுப்படுத்தும். வெளியே திருப்பினால் இன்னும் ரிச்சாகிவிடும். உங்களுடையது எது என்று தெரியாமல் திருகாதீர்கள்.

பாதி ஆக்ஸிலரேட்டரில் என்றால் ஜெட் நீடில். ஆண்டுக்கணக்கில் மேலும் கீழும் உரசி, அது நுழையும் துளை அகன்றிருக்கும். முழு ஆக்ஸிலரேட்டரில் மட்டும் என்றால் மெயின் ஜெட் அளவு மாறியிருக்கலாம்; யாரோ கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து துளையைப் பெரிதாக்கியிருக்கலாம்.

ஊட்டி ஏறும்போது மட்டும் புகைகிறது என்றால் கோளாறே இல்லை. 2,200 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது. கீழே இறங்கியதும் சரியாகிவிடும்.

எத்தனால்தான் காரணமா?

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரியக் காற்று குறைவாகவே போதும். 1 கிலோவுக்கு சுமார் 9 கிலோ. அதனால் பழைய கார்பரேட்டரில் இந்தப் பெட்ரோல் கலவையை ரிச்சாக்காது. கொஞ்சம் எதிர்ப்பக்கமே தள்ளும். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறையும், ஆனால் பிளக் கறுக்காது.

வேறு வழியில் அது தொல்லை தரலாம். பழைய ரப்பர் வாஷர், நீடில் முனை போன்றவை எத்தனாலில் உப்பிக் கெட்டுப்போகும். நீடில் சரியாக அடைக்காமல் பெட்ரோல் வழியும். அப்போது மாற்ற வேண்டியது ரப்பர் பாகங்கள் அடங்கிய ரிப்பேர் கிட். முழு கார்பரேட்டரையும் மாற்றிச் செலவழிக்க அவசியமில்லை.

இன்ஜெக்ஷன் வண்டி என்றால்?

2000-க்குப் பிறகு வந்த பல கார்களில் கணக்குப் போடுவது கம்ப்யூட்டர். கூலன்ட் வெப்பத்தை அளக்கும் சென்சார் கெட்டு 'இன்ஜின் இன்னும் குளிர்ச்சிதான்' என்று தவறாகச் சொன்னால், சூடான இன்ஜினுக்கும் அது பெட்ரோலை அள்ளிக் கொடுக்கும். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்ஸர் குழாயில் விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். 'காற்று அதிகம்' என்று ஏமாந்தும் அது பெட்ரோலைக் கூட்டும். எனவே ஸ்கேனரில் 'சென்சார்' என்று வந்ததும் வாங்கி மாட்டிவிடாமல், குழாயையும் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மறக்கக் கூடாதவை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய தேதியையும் மைலேஜையும் போனில் குறித்து வையுங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று மெக்கானிக்குக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்து, மட்டமும் ஏறியிருந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம். பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். பம்பைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிய பிறகே கிளப்புங்கள்.

மழைக்குப் பயந்து ஷெட்டுக்குள் கதவைச் சாத்தி எந்த வண்டியையும் ஓடவிடாதீர்கள், ரிச்சாக ஓடும் வண்டியை ஒருபோதும் வேண்டாம். கரும்புகை கண்ணுக்குத் தெரியும். அதோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளை மயக்கி உயிரையே எடுத்துவிடும். பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். சோதனையெல்லாம் முற்றத்தில், திறந்தவெளியில் வைத்துக்கொள்ளுங்கள்!