கணிதத்துக்காக நான் எடுத்த பாடவேளை



பதிவு கொஞ்சம் நீளம். பாடசாலைக்குப் பிள்ளை அனுப்புகிறவர்கள் கடைசிவரை வாசித்தால் சந்தோஷம்.

போன திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், தேசிய கீதம் முடிவதற்குள் தரம் 7 மகள் ஒருத்தி சரிந்து விழுந்துவிட்டாள். யார் பிள்ளை என்று கொமெண்டில் கேட்க வேண்டாம். டீச்சர்மார் தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, சீனி கரைத்த தண்ணீர் கொடுத்தார்கள். கொஞ்சம் தெளிந்த பிறகு "என்ன மகள் தின்ட காலைல?" என்று கேட்டேன். "ஒண்டுமில்ல சேர். கிளாஸுக்குப் போய் அப்படியே வந்தன்" என்றாள். என்ன கிளாஸ் என்றேன். கணிதம்.

காலை ஐந்தே முக்காலுக்கு வகுப்பு. முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டது. இடைவேளை மணி அடிப்பது 10.30க்கு. கூட்டிப் பாருங்கள், பதினாலரை மணித்தியாலம். நம் நாட்டில் ஒரு நோன்பே ஏறத்தாழ பதின்மூன்றரை மணித்தியாலம்தான். அதற்கும் ஸஹர் செய்துவிட்டுத்தான் நோன்பு வைக்கிறோம். இந்தப் பிள்ளை ஸஹரும் இல்லாமல், நிய்யத்தும் இல்லாமல், வாரத்தில் ஐந்து நாள் நோன்பை விட நீளமாகப் பட்டினி கிடக்கிறாள். அதுவும் வசதி இல்லாத வீடு அல்ல. கல் வீடு, வாப்பா வெளிநாட்டில்.

உம்மாவுக்குக் கோல் எடுத்தோம். "விடிய எழும்பினா ஒண்டும் இறங்குதில்ல சேர் அவக்கு. அதான் கையில இருநூறு குடுத்து விடுறன்" என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. முக்கால்வாசி வீட்டில் இதுதான் நடக்கிறது, என் வீட்டிலும் கொஞ்ச நாள் நடந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். றமழானில் நாலு மணிக்குத் தட்டி எழுப்பி, தூக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டி விடுவதும் இதே உம்மாமார்தானே? அப்போது இறங்குகிற சோறு மற்றப் பதினொரு மாதமும் ஏன் இறங்குவதில்லை? பசி இல்லாததால் அல்ல, நேரம் இல்லாததால்தான் இறங்குவதில்லை. வகுப்புக்குப் பிந்திவிடும் என்று பிள்ளையும் ஓடுகிறது, நாமும் ஓட விடுகிறோம்.

அந்த இருநூறு ரூபாய் எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இடைவேளையில் நின்று பார்த்தேன். ஒரு ரோல்ஸ், ஒரு பட்டிஸ், மிச்சத்துக்குக் கலர் போட்ட ஏதாவது ஒரு போத்தல். 2016ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் இந்தப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்ட சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று நிறம் போடுகிறார்கள். பிள்ளைகளிடம் கேட்டேன், அது கம்பெனியின் அடையாளம் என்று நினைத்திருக்கிறார்கள். செம்மஞ்சள் நிறம் உள்ள ஒரு போத்தலை எடுத்து வகுப்பிலேயே கணக்குப் போட்டோம். 100 மில்லிலீற்றரில் 9 கிராம் சீனி என்றால் 500 மில்லிலீற்றரில் 45 கிராம். ஒரு தேக்கரண்டி 5 கிராம். ஒன்பது தேக்கரண்டி! பிளேன்டீயில் ஒன்பது கரண்டி சீனி போட்டுக் கொடுத்தால் எந்த வாப்பா குடிப்பார்? நம் ஊரில் நாற்பது வயதிலேயே சீனி வருத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்களை எண்ணிப் பாருங்கள். கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வரிசையைப் பார்த்தால் போதும்.

சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கலாம், என்ன விற்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. நாங்களும் ஒருமுறை அதைக் கறாராக நடைமுறைப்படுத்தினோம். ஒரு மாதம் தாக்குப் பிடித்தது. நடத்துகிற காக்கா வந்து சொன்னார்: "சேர், கௌபி அவிச்சு வெச்சன், பயறு அவிச்சு வெச்சன். பின்னேரம் எல்லாத்தையும் மாட்டுக்குத்தான் போட்டன்." பிள்ளைகள் கேற்றுக்கு வெளியே உள்ள கடைக்குப் போய்விட்டார்கள். சுற்றறிக்கை கேற்றோடு முடிந்துவிடும். அந்த மனிதர் குத்தகைக் காசு கட்ட வேண்டும், அவரும் பிள்ளை குட்டிக்காரர். எல்லாப் பழியையும் கன்டீன்காரர் தலையில் போடுவது நியாயமில்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைக்குக் கையில் இருபது ரூபாய் இருந்தால் ஒரு பிடி கடலை போதும். வெறும் வயிற்றோடு இருநூறு ரூபாயுடன் வருகிற பிள்ளை பொரித்ததைத்தான் தேடும்.

ஆரம்பப் பிரிவில் நிலைமை வேறு. 2024 மார்ச்சிலிருந்து ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அரசாங்கத்தின் சாப்பாடு என்று வந்தது. எங்கள் பாடசாலையில் ஊர்ப் பெண்கள்தான் சமைத்துத் தருகிறார்கள். காசு பிந்தி வருகிற மாதங்களிலும் கடையில் கடன் சொல்லிச் சமைத்துத் தருகிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. சோறு, பருப்பு, ஒரு கீரைச் சுண்டல், ஒரு நாள் முட்டை, ஒரு நாள் மீன். முதல் மாதம் கீரையை ஒதுக்கிய பிள்ளைகள் இப்போது ஒதுக்குவதில்லை, ஏனென்றால் பக்கத்தில் இருக்கிற பிள்ளை தின்கிறது. அந்த வகுப்புகளில் காலையில் மயங்கி விழுகிற கதை குறைந்திருக்கிறது. வரவும் நன்றாக இருக்கிறது.

ஆனால் தரம் 6க்கு ஏறியதும் எங்கள் பாடசாலையில் அந்தச் சட்டி மூடிவிடும். பத்து வயதில் சோறு தின்ற பிள்ளை பதினொரு வயதில் ரோல்ஸுக்கு மாறுகிறது. உடம்பு வேகமாக வளருகிற, பெண் பிள்ளைகள் பெரிய பிள்ளையாகிற வயதும் அதுதான். வாரத்துக்கு ஒன்று என்று பாடசாலையில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். அதை வெறும் வயிற்றில் போட்டால் பிரட்டுகிறது என்று பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே எறிவதையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, காலையில் ரொட்டியோடு பிளேன்டீ குடிப்பது நம் வழக்கம். சாப்பாட்டோடு தேயிலை குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். அதற்குப் பதிலாக ஒரு தேசிக்காய் பிழிந்தால், ஒரு கொய்யாப்பழம் தின்றால் நன்றாகச் சேரும். காசு கூடுதலாகத் தேவையில்லை.

நாம் இருப்பது அம்பாறைக் கரையோரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். விடியற்காலையில் சூடையும் கீரியும் கரைக்கு வருகிறது. முள்ளோடு தின்னக்கூடிய சின்ன மீன், எலும்புக்கு அதைவிட என்ன வேண்டும்? வளவுக்கு வளவு முருங்கை நிற்கிறது. தயிர்ச் சட்டி வீடு தேடி வருகிறது. இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் தயிரும் சின்ன வெங்காயமும் போட்டுத் தந்தால் அதற்குப் பெயர் சாப்பாடு. எங்கள் உம்மா எங்களை அப்படித்தான் பாடசாலைக்கு அனுப்பினார். இப்போது பழஞ்சோறு தின்றேன் என்று சொல்லப் பிள்ளைக்கு வெட்கம். அந்த வெட்கம் பெரியவர்களான எங்களிடமிருந்துதான் அவர்களுக்குப் போயிருக்கிறது.

இனி என் பக்கத்துக் குற்றத்துக்கு வருகிறேன்.

எங்கள் நேரசூசியில் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்துக்கு, விளையாட வெளியே போவதற்கென்று கிழமைக்கு இரண்டு பாடவேளை. 40 நிமிடம் வீதம் 80 நிமிடம். 5 முதல் 17 வயது வரையான பிள்ளை ஒரு நாளைக்குக் குறைந்தது 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கிழமைக்கு 420 நிமிடம். நாங்கள் கொடுக்கிறதே 80. அந்த 80இலும் ஒரு நாற்பதைச் சில வருடங்களாக நான் எடுத்தேன். "டீச்சர், சிலபஸ் முடியல்ல, ஒரு பாடவேளை தாங்க" என்று கேட்பேன். அவரும் முகம் கோணாமல் தருவார். பிள்ளைகளின் முகம் கோணியது, நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பெற்றோரும் சந்தோஷப்பட்டார்கள், சேர் எக்ஸ்ட்ரா படிப்பிக்கிறார் என்று.

மயங்கி விழுந்த பிள்ளையின் கதைக்குப் பிறகு பழைய புள்ளிப் புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். பாடவேளை எடுத்த வருடங்களுக்கும் எடுக்காத வருடங்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது வேறொன்று. மைதானத்தில் இருந்து வந்து உட்காருகிற வகுப்புக்குப் பின்னம் படிப்பித்தால் ஏறுகிறது. தொடர்ந்து ஐந்து பாடவேளை கதிரையில் இருந்த வகுப்புக்கு அதே பின்னத்தை மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது. கணித ஆசிரியனாக இருந்தும் இந்தக் கணக்கு எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

ஆண் பிள்ளைகளுக்காவது அஸருக்குப் பிறகு கடற்கரை இருக்கிறது, மஃரிப் வரை பந்தடிக்கலாம். டியூஷன் இல்லாத நாளில். பெண் பிள்ளைகளின் நிலைமை? தரம் 8க்கு வந்ததும் ஓட்டம் முடிந்தது. மைதானம் றோட்டைப் பார்த்து இருக்கிறது, ஆட்டோவில் போகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள், ஆகவே உடற்கல்விப் பாடவேளையில் மரத்தடியில் இருந்து கொப்பியில் வலைப்பந்து மைதானம் கீறுகிறார்கள். விளையாட்டை வரைந்து பாடமாக்குகிற பிள்ளைகளை என்னவென்று சொல்வது? பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய ஹதீஸ் நாம் எல்லோரும் கேட்டதுதான். பிரச்சினை ஓடுவதில் இல்லை, இடத்தில் இருக்கிறது. இடம் என்பது நாம் செய்து கொடுக்கக்கூடிய ஒன்று. பாடசாலைக்குப் பின்னால், நூலகத்துக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு துண்டு நிலம் புல் மண்டிக் கிடக்கிறது. ஆள் உயரத்துக்கு மேலே தகரம் அடித்து மறைத்தால் வலைப்பந்து, பூப்பந்து, கயிறடித்தல் எல்லாம் அங்கே நடக்கும். டீச்சர்மார் மட்டும் நிற்கட்டும். நாங்கள் அந்தப் பக்கமே வரமாட்டோம்.

விளையாட்டுப் பாடவேளையை 11.30 வெயிலில் போடாமல் முதல் இரண்டு பாடவேளைக்குள் போட வேண்டும் என்று அதிபரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மலசலகூடம் பற்றியும் எழுதியிருக்கிறேன். அது அசுத்தமாக இருப்பதால் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து ஒன்றரை மணி வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். இதைச் சொன்னது என் மகள். இத்தனை வருடம் படிப்பிக்கிற எனக்கு இது தெரியாமல் இருந்தது.

காலையில் சமைக்க உண்மையாகவே வழியில்லாத வீடுகளும் ஊரில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் யார் என்று வகுப்பாசிரியர்களுக்குத் தெரியும். பள்ளிவாசல் ஸதகா நிதியிலிருந்து அவர்களுக்கு மட்டும் காலைச் சாப்பாடு ஏற்பாடு செய்ய முடியுமா என்று நிருவாகத்தில் உள்ள இரண்டு பேரோடு கதைத்தேன், பார்ப்போம் என்றார்கள். செய்தால் வரிசையில் நிறுத்திக் கொடுக்க வேண்டாம், படம் பிடித்து முகநூலில் போடவும் வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மானம் இருக்கிறது.

காலை வகுப்பு நடத்துகிற என் சகோதர ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். நிறுத்தச் சொல்லவில்லை, உங்கள் பிழைப்பும் அதில் இருக்கிறது. ஐந்தே முக்காலுக்குத் தொடங்குவதைப் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் ஆறே முக்காலுக்கு விட்டுவிடுங்கள், பிள்ளை வீட்டுக்குப் போய் நாலு வாய் தின்றுவிட்டு வரட்டும்.

டீச்சரிடமிருந்து எடுத்த பாடவேளையை இந்தக் கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிலபஸ் முடியாவிட்டால் என்னோடு கோபிக்க வேண்டாம், முடிப்பதற்கு வேறு வழி பார்க்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் முன் மதிலுக்குப் பெயின்ட் அடிக்கிற விடயம் இருக்கிறது. அந்தக் காசில் பின்பக்கத்துக்குத் தகரம் அடிக்கலாமா என்று கேட்கப் போகிறேன். வாப்பாமார் மட்டும் வந்தால் பெயின்ட்தான் வெல்லும். உம்மாமாரும் வாருங்கள்.