அப்பம்மாவும் ஆங்கிலமும்

தமிழ் கற்பிப்போன் ஆங்கில நூல்களிலே காலங்கழித்தல் தகுமோ என்று நண்பர் ஒருவர் வினவினார். தகும் என்பதே என் விடை. மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராய் விளங்கிய விபுலாநந்த அடிகள், செகப்பிரியர் நாடகங்களை நம் நாடக இலக்கணத்தோடு பொருந்தவைத்து ஆராய்ந்து, 1926ஆம் ஆண்டிலே மதங்க சூளாமணியை வெளியிட்டார். அவருக்குத் தகுந்தது நமக்குத் தகாது என்பதற்கு நியாயம் காணேன். ஆயின், அடிகள் படித்தது ஆங்கிலேயரின் ஆங்கிலம். அண்மையில் யான் படித்த இரு நூல்களோ நம்மவர் செய்யுளையும் நம்மவர் வாழ்வையும் ஆங்கிலத்திலே தருவன. சொந்த வீட்டிற்கு விருந்தினனாய்ப் போவதுபோன்ற ஓர் உணர்ச்சியை இவை உண்டாக்கின.

முதலாவது, ஏ. கே. இராமானுஜன் குறுந்தொகையிலிருந்து தெரிந்தெடுத்து மொழிபெயர்த்து 1967இல் வெளியிட்ட 'த இன்ரீரியர் லான்ட்ஸ்கேப்'. மைசூரிலே பிறந்த தமிழரான இவர், 1962இல் சிக்காகோப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையிலேதான் சங்கச் செய்யுட்களைத் தற்செயலாகக் கண்டார். உ. வே. சாமிநாதையர் 1937இல் உரையுடன் பதிப்பித்த குறுந்தொகையைப் பாடநூலாகக் கற்ற நமக்கு இது வியப்பே.

செம்மண் நிலத்திற் பெய்த மழை என்னும் உவமையாலேயே பெயர்பெற்ற புலவர் செம்புலப்பெயனீரார். அவர் பாட்டிலே வரும் உறவுச் சொற்களை இராமானுஜன் எங்ஙனம் பெயர்த்திருக்கிறார் என்று பார்க்கவே யான் அந்நூலை முதலில் விரித்தேன். என் தாயை யாய் என்றும், உன் தாயை ஞாய் என்றும், பிறர் தாயையே தாய் என்றும் வழங்கியது பழந்தமிழ். எந்தை, நுந்தை, தந்தை என்பனவும் அவ்வாறே. இம் மூன்றனுள் படர்க்கைக்குரியது மட்டுமே இன்று எஞ்சியது. நம் வீட்டுத் தம்பியும் தங்கையும்கூடச் சொல் வரலாற்றின்படி அயலார் வீட்டுப் பிள்ளைகளே! ஆங்கிலத்திலே 'என்', 'உன்' என்று தனிச் சொல் பெய்தாலன்றிப் பொருள் நிரம்பாது. ஆதலால் ஆங்கில வாசகனுக்கு முதல் வாசிப்பிலேயே தெளிவாகும் பொருளுக்கு நம் மாணாக்கன் அடிக்குறிப்பை நாடவேண்டியுளது. இதைக் கண்டு நாணுவதா, மகிழ்வதா என்று தெரியவில்லை. ஓசையைத் தேடுவோர் இம் மொழிபெயர்ப்பிலே ஏமாறுவர். அகவலின் நடையை எந்த ஆங்கிலமும் தரமாட்டாது; அதனைக் குறையென்று யான் சொல்லேன்.

இரண்டாவது நூலே என்னை நெடுநாள் அலைக்கழித்தது. கொழும்பிலே பிறந்த அனுக் அருட்பிரகாசம் ஆங்கிலத்தில் எழுதி, 2021இல் வெளிவந்து, அவ்வாண்டுப் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்ற 'எ பசேஜ் நோர்த்' என்னும் நாவல் அது. போரிலே மைந்தர் இருவரையும் இழந்த ராணி என்பவர், கொழும்பிலே கிருஷன் என்னும் இளைஞனின் அப்பம்மாவைப் பராமரிக்க வருகிறார். பின்னர் தம் ஊருக்குச் சென்றவர் கிணற்றில் வீழ்ந்து இறக்க, அவருடைய இறுதிச் சடங்குக்காகக் கிருஷன் வடக்கே புகைவண்டியிற் செல்கிறான். கதை இவ்வளவே. வாக்கியங்கள் மிக நீண்டவை. பேராசிரியர், நச்சினார்க்கினியர் உரைகளிலே பழகியவர்க்கு அந் நீளம் அச்சந் தராது. பிறர் சற்று இளைப்பாறிப் படித்தல் நன்று. நடுவிலே சில பக்கங்கள் சிந்தனையின் சுமையால் நகராமல் நிற்பதும் உண்மை.

இந் நாவலிலே பூசலார் வருகிறார். 2009இல் மடிந்த பெயரறியா மக்களுக்காகத் தன் மனத்துள்ளே நினைவிடம் எழுப்பும் இளைஞனுக்கு, பொருளில்லாமையால் மனத்திலே கோயில் கட்டிய திருநின்றவூர் அடியவரை ஆசிரியர் ஒப்புமையாக்குகிறார். அன்பின் உயர்வுக்கு எடுத்துக்காட்டாக வகுப்பிலே நாம் சொல்லிவரும் வரலாறு, ஈண்டுத் துயரின் வரலாறாகிறது. சேக்கிழார் பாடியதன்படி காஞ்சியிலே கற்றளி எடுத்த காடவர்கோன் கனவிலே இறைவன் தோன்றுகிறான். அரசனும் நின்றவூருக்குத் தேடி வந்து பூசலாரைப் பணிகிறான். கிருஷன் கட்டிய கோயிலுக்கோ குடமுழுக்கு நாள் இல்லை. அதைக் காணவரும் அரசனும் இல்லை. இவ்வேறுபாட்டை ஆசிரியர் எடுத்துப் பேசவில்லை. பெரியபுராணம் கற்ற வாசகனே உணர்ந்துகொள்ளுகிறான். இங்ஙனம் நம் புராணத்தின்மேல் நிற்கும் நூலைத் தமிழிலக்கியம் என்று யான் சொல்லத் துணியேன். மொழியே இலக்கியத்தின் உடம்பு. ஆயின், நமக்கு அயலான நூலென்று தள்ளுவாரோடும் உடன்படேன்.

அப்பம்மா என்னும் சொல்லை ஆசிரியர் ஆங்கிலமாக்காமல் அப்படியே விட்டது நன்று. எவ்வழிப் பாட்டி என்பதை ஆங்கிலச் சொல் காட்டாது. நம் சொல்லிலோ, பண்டை ஞாயிற்போல, உறவின் வழி உள்ளேயே கிடக்கிறது. ஆனால் கிருஷன் ராணியை எவ்வாறு விளித்தான்? அக்கா என்றா, அம்மா என்றா? நீர் என்றா, நீங்கள் என்றா? நாவலிலே நேர் உரையாடல் இல்லை. ஆதலால் அவ் விளி நம் செவியில் விழுவதில்லை. சம்பளம் பெறுபவரும் சம்பளம் தரும் வீட்டுப் பிள்ளையும் எதிரெதிர் நிற்கும் அவ்விடத்தை ஆங்கிலம் மூடிவிடுகிறது.

இந் நாவலைத் தமிழாக்குவோர்க்கு அந்த வசதி இல்லை. உரையாடலே இல்லாதபோதும், ராணி முதன்முதலாக அவ் வீட்டு வாயிலுக்குள் நுழையும் வாக்கியத்தின் இறுதியில் 'வந்தாள்' என்றோ 'வந்தார்' என்றோ எழுதியே ஆகவேண்டும். வீட்டாரின் வழக்கை நோக்கின் முன்னது பொருந்தும் என்பர் சிலர். இரு மைந்தரைப் பறிகொடுத்த அத் தாய்க்கு யான் 'வந்தார்' என்றே எழுதுவேன்.