கன்ட்ரோலரிலிருந்து நேரே செல்லும் உரை: குற்றம் எங்கே?

கன்ட்ரோலர் உரையை நேரடியாக வெளியிடலாகாது, வியூ வழியாகவே அனுப்ப வேண்டும் என்று வலைநிரல் வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டிரிக்வே ரீன்ஸ்காக் வகுத்த எம்விசி பகுப்பிலிருந்து வளர்ந்த மரபு இது. பயனுள்ள மரபுதான். எனினும், சேவையகம் இயங்குகிறதா என்ற வினவலுக்குச் 'சரி' என ஒரு சொல்லை அனுப்ப டெம்ப்ளேட் எதற்கு? தவறு நேரடி வெளியீட்டில் இல்லை; அனுப்புவது இன்னதென்று அறிவிக்காமல் அனுப்புவதில்தான் உள்ளது.

ரூபி ஆன் ரெயில்ஸ் இதற்குச் சான்று. அதன் 'ரெண்டர் டெக்ஸ்ட்' கட்டளை, பெயருக்கு மாறாக, உரையை எச்டிஎம்எல் என்றே அறிவித்து அனுப்பியது. பயனர் தட்டச்சிட்ட நிரல்துண்டு அதில் கலந்திருந்தால் உலாவி அதை இயக்கிவிடும். 2014இல் வந்த 4.1 பதிப்பு வெற்றுரைக்கும் எச்டிஎம்எல்லுக்கும் தனித்தனிக் கட்டளைகளைத் தந்தது, 2017இன் 5.1 பதிப்பில் பழைய கட்டளை நீக்கப்பட்டது. நேரடி வெளியீடு தடைசெய்யப்படவில்லை. அதன் வகையைச் சொல்வது கட்டாயமாயிற்று.

தமிழுக்கு இன்னோர் இடரும் உண்டு. திருப்பதி மாவட்டத்தின் எல்லையூரான 'சூளூர்பேட்டை'யின் பெயரையே கொள்வோம். இலக்கணப்படி எழுத்துகள் 6. யூனிகோடு குறியீடுகள் 12. யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகள் 36. எச்டிடிபி தலைப்பில் உரையின் நீளத்தைப் பைட்டுகளில் குறிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் சரத்தின் 'லெங்த்' தரும் 12ஐ ஒரு மாணவர் அங்கே இட்டால், பெறுபவர் முதல் 12 பைட்டுகளோடு நிறுத்திக்கொள்வார். அவருக்குக் கிட்டுவது 'சூளூ' மட்டுமே. அதே பெயரை ஆங்கில எழுத்துகளில் இட்டுச் சோதித்தால் ஓரெழுத்துக்கு ஒரு பைட்டாகக் கணக்கு ஒத்துப்போகும், பிழை தென்படாது. சோதனையில் தேறிய நிரல் தமிழ் வாசகரிடமும் தெலுங்கு வாசகரிடமும் போய்த்தான் முறியும்.

ஆகவே, நேரடி வெளியீட்டை விலக்குவதைவிட அதையே முதற்பாடமாக வைப்பது நன்று. மாணவர் தம் ஊர்ப்பெயரைத் தாய்மொழியில் அனுப்பட்டும்; உரைவகை, குறியாக்கம், நீளம் ஆகிய மூன்றையும் தாமே எழுதட்டும். டெம்ப்ளேட்டும் சட்டகமும் சொல்லாமல் செய்துவரும் பணிகள் எவை என்பது அதன்பின் அவருக்கு விளங்கும்.