மாத்திரையைக் கூட்டினால் அசதி போய்விடுமா?

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் நம் வயதுக்காரர்களில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர். வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்: "சார், மாத்திரை போட்டும் அசதி போகலை. 50-ஐ 75 ஆக்கிக்கலாமா?" நாமாக ஆக்கிக்கொள்ளவே கூடாது என்பது என் கட்சி. ஆக்கிக்கொண்டு பட்டவன் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கும் இதே கதைதான். ஏரியை ஒரு சுற்று வரலாம் என்று கிளம்பி, பாதியில் உட்கார்ந்துவிடுவேன். டாக்டர் டி.எஸ்.எச். ரிப்போர்ட்டைப் பார்த்து "நார்மல்" என்று அனுப்பிவிட்டார். அசதியும் என்னோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது. அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவரை மேலதிகாரி கையெழுத்தில்லாமல் ஒரு கோப்பையும் நகர்த்தாதவன், அன்று நானே உத்தரவு போட்டுக்கொண்டேன்: தினமும் 50 மைக்ரோகிராமோடு இன்னொரு அரை மாத்திரை. இரண்டே மாதத்தில் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி தூக்கமில்லை. அசதி மட்டும் அப்படியே இருந்தது.

டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் நினைவூட்டுக் கடிதம் மாதிரி. தைராய்டில் வேலை நடக்காவிட்டால் கடிதம் கூடும். மாத்திரை அதிகமானால் கடிதம் நின்றுவிடும். எனக்கு நின்றே போயிருந்தது. வயதானவர்களுக்கு இது நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தேயலாம். அளவை மாற்றினால் அது உடம்பில் நிலைபெற ஆறு வாரம் ஆகும்; அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள்.

என் அசதிக்கு உண்மையான காரணம் பி12 குறைவு. பல வருஷமாகச் சர்க்கரைக்குச் சாப்பிட்ட மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைக்கும் என்று வேறொரு டாக்டர் கண்டுபிடித்தார். தைராய்டு மாத்திரையைப் பழைய அளவுக்கே கொண்டுவந்து, பி12 ஊசி போட்டார். சில வாரத்தில் ஏரியை முழுச் சுற்று வந்தேன்.

அதற்காக, ரிப்போர்ட் சரி என்றால் அசதி பொய் என்று டாக்டர்கள் நினைப்பதும் தவறு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பாரிஸில் இருக்கும் பள்ளித் தோழன் 2017-இல் போனில் சொன்ன செய்தி இது. அங்கே 'லெவோதிராக்ஸ்' மாத்திரையில் மருந்து அதேதான். லாக்டோஸுக்குப் பதிலாக மானிடாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். அப்போது சுமார் 30 லட்சம் பேர் சாப்பிட்டுவந்த மாத்திரை. அசதி, தலைவலி என்று ஆயிரக்கணக்கானோர் புகார் சொன்னார்கள். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த இலையுதிர் காலத்தில் பழைய கலவையை மறுபடி கொண்டுவர வேண்டியதாயிற்று. நாமும் மருந்துக்கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கூட்டுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் சிலவற்றைப் பாருங்கள். மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போடுகிறோமா? காபிக்கு முன் அரை மணியாவது விடுகிறோமா? கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை நாலு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுகிறோமா? ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை, தூக்கம் எல்லாம் சரியாக இருக்கின்றனவா?

அடுத்த முறை டாக்டரிடம் போனால், "மாத்திரையைக் கூட்டிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "என் அசதிக்குக் காரணம் என்ன?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.