வீட்டில் பாடல் பதிவு: எந்த மைக் வாங்கலாம்?



கர்த்தர் அருளிய பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்ய விரும்பும் அநேக வாலிபர்கள் முதலில் நாடுவது கண்டென்சர் மைக்கையே. பொறுங்கள். அது மெல்லிய ஓசையையும் விடாது. கொல்கத்தாவின் வாடகை அறையில் உங்கள் குரலோடு மின்விசிறியும் தெருவின் ஹாரனும் பதிவாகிவிடும். நம் சபை மேடைகளில் காணும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கே இங்கு ஏற்றது. நான்கு விரற்கடை தூரத்தில் வைத்துப் பாடினால் புற இரைச்சல் பெருமளவு அடங்கும். (1902 நவம்பரில் இதே நகரில் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்தபோது மைக்கே கிடையாது; ஒரு கூம்புக் குழலுக்குள் உரக்கப் பாடினார்.)

மைக்கின் ஓசையைக் கணினிக்குள் அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸில் குரலுக்கொன்று, கிட்டாருக்கொன்று என இரண்டு இணைப்புகள் போதும். 48 வோல்ட் வசதியும் இருந்தால், பின்னாளில் கண்டென்சர் வாங்கினாலும் உதவும். டைனமிக் மைக் தரும் ஓசை சிறியது. அதைக் கூட்டும்போது சில மலிவான கருவிகள் இரையும். ஆகவே சாந்தினி சௌக்கில் பணம் செலுத்துமுன் உங்கள் மைக்கையே இணைத்து, ஹெட்ஃபோனில் கேளுங்கள். எஸ்எம்58-க்குப் போலிகளும் அநேகம், ரசீதின்றி வாங்காதீர்கள்.

ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணத்தில் கைவைத்தோ வட்டிக்குக் கடன்பட்டோ இவற்றை வாங்க வேண்டாம். பணம் சேரும்வரை செல்பேசி போதும். மின்விசிறியை நிறுத்தி, துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து, அதை நோக்கிப் பாடுங்கள், எதிரொலி குறையும்.