சேர்த்த புள்ளியை ஏற்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடிக்கையாளர் புள்ளித் திட்டங்கள் குறித்த உங்கள் கட்டுரை, எந்த நிறுவனம் எத்தனை புள்ளி தருகிறது என்பதோடு நின்றுவிட்டது. அந்தப் புள்ளியைக் கூட்டாளி நிறுவனங்கள் எப்படி ஏற்கின்றன என்பதை அல்லவா ஒப்பிட வேண்டும்? 2006-இல் ஐ-மின்ட் என்று தொடங்கி, பிறகு பேபேக் ஆகி, 2022-இல் ஸில்லியன் எனப் பெயர் மாறிய திட்டம் வங்கி, பெட்ரோல் பங்க், கடை என்று பலரையும் ஒரே கணக்கில் சேர்த்தது. ஆனால் இப்படிச் சேரும் கூட்டாளிகள் எல்லோரும் ஒரே தரமாக இருப்பதில்லை.

மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றும் லாரி வைத்திருக்கிறேன். ஒரு திட்டத்தில் சேர்ந்த புள்ளியைப் பங்கிலேயே டீசலாகக் கழித்துக்கொண்டேன். மற்றொன்றின் கூட்டாளிக் கடை ஒன்றுகூட எங்கள் பக்கம் இல்லை; புதுச்சேரிக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும். ஐப்பசி மழையில் உப்பளம் ஓய்ந்து லாரி நின்றபோது, புள்ளிக் கணக்கில் வரவு இல்லை என்று திட்டத்தார் புள்ளியையே அழித்துவிட்டார்கள். பருவம் பார்த்துப் பிழைப்பவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

ஒரு புள்ளியின் ரூபாய் மதிப்பு, காலாவதி, சிற்றூர்களில் அதைச் செலவழிக்கும் இடம் ஆகியவற்றை நிறுவனவாரியாக ஒப்பிட்டு ஆண்டுதோறும் ஓர் அட்டவணை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மரக்காணம்